எதைக் காட்டினாலும் ‘பச்சை’ என்கிறான்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பு எடுக்கிறேன். எனக்கு இது முதல் ஆண்டு. வகுப்பில் 26 குழந்தைகள். ஜூனில் சிவப்பு, ஜூலையில் மஞ்சள், ஆகஸ்டில் நீலம் என்று மாதத்துக்கு ஒரு நிறம் கற்பிக்கிறோம். மாதக் கடைசியில் எல்லாக் குழந்தைகளும் அந்த நிற உடையில் வருவார்கள். வகுப்பறையையும் அதே நிறத்தில் அலங்கரிப்போம். அன்று கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பாதிப் பேர் குழப்புகிறார்கள். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் எதைக் காட்டினாலும் ‘பச்சை’ என்கிறான். கண்ணில் கோளாறா, கவனக் குறைவா என்று தெரியவில்லை. நிறங்களைத் தமிழில் சொல்லித் தருவதா, ஆங்கிலத்திலா என்பதிலும் குழப்பம் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ‘ஒரு வாரம் கழித்துக் கேட்டால்’ என்பதுதான். நிற விழா முடிந்ததும் படம் பிடித்துப் பெற்றோருக்கு அனுப்பிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போய்விடும் வகுப்புகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் திரும்பிப் போய்க் கேட்டிருக்கிறீர்கள். முதல் ஆண்டிலேயே அந்தப் பழக்கம் வந்திருப்பது பெரிய விஷயம்.

உங்கள் பிள்ளைகளுக்கு நிறம் தெரியாமல் இல்லை. மூன்று, நான்கு மாதக் கைக்குழந்தையே சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்துப் பார்க்கிறது. தெரியாதது பெயர். ‘நாய்’ என்ற சொல்லைப் பிடிப்பது எளிது; நாய் தனியாக நிற்கிறது, குரைக்கிறது, ஓடுகிறது. சிவப்பு தனியாக எங்கும் நிற்பதில்லை. பந்தின் மேல், பாவாடையின் மேல், பஸ்ஸின் மேல் ஏறிக்கொண்டுதான் வருகிறது. ‘இது சிவப்பு’ என்று நாம் பந்தைக் காட்டும்போது நாம் சொல்வது பந்தின் பெயரையா, உருவத்தையா, அதன் வழவழப்பையா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடித்த பிறகும் இன்னொரு வேலை இருக்கிறது. சிவப்பு எதுவரை சிவப்பு, எங்கிருந்து ஆரஞ்சு என்ற எல்லையைக் குழந்தை தானே போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வயதில் தொடங்கி ஐந்து வயது வரை இது நடக்கிறது. சார்லஸ் டார்வினே இதைக் கண்டு பயந்தவர். பொருள்களின் பெயரெல்லாம் தெரிந்த தம் பிள்ளைகள் நிறங்களின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பத் தவறாகச் சொன்னதால், அவர்களுக்கு நிறக்குருடோ என்று ஐயப்பட்டதாக 1877-இல் எழுதினார். அந்த அச்சம் வீண் என்று பிறகு தெரிந்தது.

இப்போது உங்கள் சிவப்பு மாதத்துக்கு வருகிறேன். வருத்தப்படாதீர்கள், அதை நிறுத்தச் சொல்லப் போகிறேன். எல்லாரும் சிவப்பு உடுத்தி, சுவரெல்லாம் சிவப்புத் தாள் ஒட்டி, மேசையில் தக்காளியும் ஆப்பிளும் வைத்த அறையில் குழந்தை கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அங்கே எதைக் காட்டிக் கேட்டாலும் விடை ‘சிவப்பு’தான். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மஞ்சளும் நீலமும் பக்கத்தில் இருக்கும்போதுதான் சிவப்பு சிவப்பாகத் தெரியும். முதல் நாளே இரண்டு அல்லது மூன்று நிறங்களைச் சேர்த்து எடுங்கள். அவை ஒன்றுக்கொன்று தூரமானவையாக இருக்கட்டும்: சிவப்பு, மஞ்சள், நீலம். ஆரஞ்சையும் சிவப்பையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள்.

சுவரில் தொங்கும் நிற அட்டையையும் சில மாதம் கழற்றி வையுங்கள். சிவப்புக்கு ஆப்பிள், மஞ்சளுக்கு வாழைப்பழம், பச்சைக்கு இலை என்று ஒரு நிறத்துக்கு ஒரு பொருளையே கட்டிப்போட்டால், நிறத்தைக் கேட்டால் குழந்தை ‘ஆப்பிள்’ என்று சொல்லும். அது அட்டையைப் படித்துவிட்டது, நிறத்தைப் படிக்கவில்லை. ஒரு நிறம் பத்துப் பொருள்களில் வர வேண்டும், ஒரு பொருள் நாலு நிறத்தில் வர வேண்டும். சிவப்பு வளையல், சிவப்புப் பொத்தான், சிவப்பு மூடி; சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, நீல மூடி. இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. தண்ணீர்ப் பாட்டில் மூடிகளும், தையல் கடையில் மிஞ்சும் ரவிக்கைத் துண்டுகளும் ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிடும். மூடிகள் வாயில் நுழையாத அளவாக இருக்கட்டும்.

அடுத்து, நீங்கள் சொல்லும் வாக்கியத்தின் அமைப்பு. இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் நான் பயிற்சி வகுப்புகளில் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். ‘சிவப்புப் பந்தைப் பார்’ என்பதற்கும் ‘பந்தைப் பார், பந்து சிவப்பு’ என்பதற்கும் குழந்தைக்குப் பெரிய வேறுபாடு உண்டு. முதல் வாக்கியத்தில் ‘சிவப்பு’ காதில் விழும்போது குழந்தை எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இருக்கிறது. ‘பந்து’ வந்ததும் அதன் கவனம் பந்தில் நின்றுவிடுகிறது. இரண்டாவதில் பந்து ஏற்கெனவே கண்ணில் இருக்கிறது. அதன் பிறகு வரும் ‘சிவப்பு’, பந்தில் இன்னும் என்ன இருக்கிறது என்று தேட வைக்கிறது. மைக்கேல் ராம்ஸ்கர் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் நிறப் பெயரைப் பொருளுக்குப் பின்னால் சொல்லிப் பழக்கிய குழந்தைகளே முன்னேறினார்கள். நம் மொழியில் இது இன்னும் எளிது. ‘என் சட்டை நீலம்’, ‘உன் டப்பா மஞ்சள்’ என்று நாம் இயல்பாகவே பேசுகிறோம். வகுப்பில் இதையே நாள் முழுவதும் பேசுங்கள். கேள்விகளைக் குறைத்து இந்த வாக்கியங்களைக் கூட்டுங்கள்.

கேள்வி என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘இது என்ன நிறம்?’ என்பதுதான் இந்தப் பாடத்திலேயே கடினமான கேள்வி. அதை முதலில் கேட்டுவிடுகிறோம். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தவர். அவருடைய முறையில் முதல் நிறப் பெட்டியில் ஆறே பலகைகள்தான்: சிவப்பு இரண்டு, மஞ்சள் இரண்டு, நீலம் இரண்டு. குழந்தை முதலில் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ஒன்றைப் போல இன்னொன்றைச் சேர்த்தால் போதும். பிறகு ஆசிரியர் பெயரைச் சொல்கிறார். பிறகு ‘நீலத்தைக் கொடு’ என்கிறார். குழந்தை தடுமாறாமல் எடுத்துத் தரத் தொடங்கிய பிறகுதான் ‘இது என்ன?’ என்ற கேள்வி. எடூவார் செகென் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட முறை இது. சேர்த்தல், எடுத்துத் தருதல், சொல்லுதல் என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள். 26 பேரையும் ஒன்றாக உட்காரவைத்து இதைச் செய்ய முடியாது. ஐந்தாறு பேர் கொண்ட குழுவை வராந்தாவில் பகல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். பத்து நிமிடம் போதும். மங்கலான அறையில் கருநீலத்தையும் கறுப்பையும் பிரிக்க நமக்கே சிரமம்.

குழந்தை தவறாக எடுத்தால் ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். ‘இது மஞ்சள். நீலம் இதோ’ என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். குழந்தைக்கு வேண்டியது அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான்.

முதல் மூன்றும் உறுதியானதும் பச்சை, கறுப்பு, வெள்ளை. ஆரஞ்சும் ரோஸும் அதற்குப் பின். பழுப்பும் சாம்பலும் கடைசி. அவை குழந்தைகளுக்கு இயல்பாகவே தாமதமாகத்தான் வருகின்றன. தமிழில் பழுப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாள்பட்ட தாளும் பழுப்பு, சாக்லேட்டும் பழுப்பு. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைப் பேசுவதும் இல்லை. ‘காபிப்பொடி கலர்’ என்றுதான் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்.

ஒரு நாள் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து வாருங்கள். ‘தண்ணீர் மஞ்சள்’ என்று எல்லாரும் பார்க்கட்டும். பிறகு ஒரு துளி சுண்ணாம்பைக் குச்சியால் தொட்டுக் கலக்குங்கள். ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்துவிடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அது உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். நான் இதைச் செய்த ஒரு வகுப்பில், அதுவரை நிறப் பெயர் எதையும் சொல்லாத ஒரு பெண் குழந்தை கிண்ணத்தின் மேல் குனிந்து, ‘மஞ்சள் போயிடுச்சு!’ என்று கத்தினாள். தண்ணீர் போகவில்லை, கிண்ணம் போகவில்லை, மஞ்சள்தான் போனது. பொருள் வேறு, நிறம் வேறு என்பதை அவள் அன்று கண்ணால் பார்த்துவிட்டாள்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழந்தை வீட்டில் கேட்கும் சொல்லில் தொடங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் அது தமிழ்தான். சில நிறங்களுக்கு ‘ரோஸ்’, ‘ஆரஞ்சு’ என்று இருக்கும். அவையும் நம் சொற்களே. நிறம் எது என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் ஆங்கிலப் பெயர் அதன் மேல் சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். நிறமும் பிடிபடாமல், ஒரே நேரத்தில் இரண்டு பெயரும் என்றால் குழந்தை இரண்டையும் விட்டுவிடும். ‘ரோஸ்’ என்று சொன்ன குழந்தைக்கு, ‘பிங்க்’ என்று சொல்லவில்லையே என்று தவறு போடும் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை செய்த தவறு என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ‘ஊதா’வை மட்டும் கவனியுங்கள். சில வீடுகளில் அது கத்தரிப்பூ நிறம், சில வீடுகளில் நீல மை. வகுப்புக்கென்று ஒரு பொருளை முடிவு செய்து பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் சொற்கள் குழந்தையைச் சுற்றவிடும் இடங்கள் இன்னும் உண்டு. கொதிக்கவைக்காத தண்ணீர் பச்சைத் தண்ணீர். வெள்ளை வெளேரென்ற அரிசி பச்சரிசி. காய்ச்சாத பால் பச்சைப் பால். பிறந்த பிள்ளை பச்சைக் குழந்தை. கூடையில் பழுத்துச் சிவந்துவிட்ட மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறுவன் என்னிடம் ‘இது சிவப்புப் பச்சை மிளகாய்’ என்றான். எவ்வளவு சரியான பேச்சு! உங்கள் சிறுவனின் ‘பச்சை’ எங்கிருந்து வந்தது என்று நான் அறியேன்; ஆனால் அவன் காதில் ஒரு நாளில் அதிகம் விழும் நிறச்சொல் அதுவாகவே இருக்கக்கூடும்.

சிவப்பும் கறுப்பும் இதைவிடக் கவனம் வேண்டிய சொற்கள். ‘அவள் நல்ல சிவப்பு, இவன் கறுப்பு’ என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளரும் குழந்தைக்கு, தக்காளியின் சிவப்பும் அத்தை மகளின் சிவப்பும் ஒன்றா என்ற குழப்பம் வரும். குழப்பம் போகட்டும், கறுப்பு என்றால் குறை என்ற எண்ணமும் அந்த வயதிலேயே படிந்துவிடுகிறது. கறுப்பைக் கற்பிக்கும்போது காக்கை, கருவிழி, கூந்தல், உளுந்து என்று அன்போடு காட்டுங்கள். வெளிறிய இளஞ்சிவப்பு க்ரேயானை ‘ஸ்கின் கலர்’ என்று சொல்ல விடாதீர்கள். உங்கள் வகுப்பில் எத்தனை பேருடைய தோல் அந்த நிறத்தில் இருக்கிறது? க்ரேயோலா நிறுவனமே ‘சதை நிறம்’ என்ற பெயரை 1962-இல் கைவிட்டு ‘பீச்’ பழத்தின் பெயரை வைத்துவிட்டது. பிள்ளைகள் தங்கள் கையைத் தாளின் மேல் வைத்துப் பார்த்து, பொருந்தும் நிறத்தைத் தாங்களே தேடட்டும்.

இனி அந்தச் சிறுவன். அவனைப் பற்றி எழுதும் முன் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வகுப்பெடுத்த தொடக்க ஆண்டுகளில் ஒரு பையன் மரத்தின் தண்டுக்குப் பச்சையும் இலைகளுக்குப் பழுப்பும் தீட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் இருப்பவனிடம் க்ரேயானை நீட்டி ‘இதுதானே பச்சை?’ என்று கேட்டுக் கேட்டுத் தீட்டுவான். பேசிக்கொண்டே இருக்கிறான் என்று இடம் மாற்றி உட்காரவைத்தேன். ‘கவனம் போதாது’ என்று அவனுடைய அறிக்கையில் எழுதினேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு கண் பரிசோதனை முகாமில் அவனுக்குச் சிவப்பு–பச்சை நிறக் குறைபாடு இருப்பது தெரிந்தது என்று அவன் அம்மா சொன்னார். அவனுக்குத் துணையாக இருந்த ஒரே பிள்ளையிடமிருந்தும் நான் அவனைப் பிரித்து வைத்திருந்தேன். அதை நான் மறக்கவில்லை.

அதனால், கவனக் குறைவு என்று முடிவு செய்யும் முன் சொல் இல்லாமல் சோதியுங்கள். 1875-இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் ரயில்கள் மோதிய விபத்துக்குப் பிறகு, ஃபிரித்யோஃப் ஹோல்ம்கிரென் என்ற மருத்துவப் பேராசிரியர் ரயில்வே ஊழியர்களுக்குச் சிக்னல் நிறங்கள் பிரிந்து தெரிகின்றனவா என்று கம்பளி நூலால் சோதித்தார். நிறத்தின் பெயரை அவர் கேட்கவில்லை. ஒரு நூலைக் கொடுத்து அதைப் போன்றவற்றைப் பொறுக்கச் சொன்னார். உங்களுக்கும் அதுவே போதும். பின்னல் நூல் விற்கும் கடையில் வெளிர்பச்சை, இலைப்பச்சை, சிவப்பு, அரக்கு, பழுப்பு, சந்தன நிறம், சாம்பல், ரோஸ், நீலம், ஊதா என்று இருபது துண்டு வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில், அவனை மட்டும் அருகில் உட்காரவைத்து, வெளிர்பச்சைத் துண்டைக் கையில் கொடுங்கள். ‘இதன் கூட்டாளிகளை எல்லாம் எடு’ என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் பெயர் சொல்ல வேண்டாம், அவனும் சொல்ல வேண்டாம். பிறகு ரோஸ், பிறகு சிவப்பு. இரண்டு மூன்று நாள் விட்டு மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். ஒரு நாள் விளையாட்டுப் புத்தியில் எடுத்ததை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

பச்சையோடு சாம்பலையும் சந்தனத்தையும், சிவப்போடு பழுப்பையும் கரும்பச்சையையும் மீண்டும் மீண்டும் சேர்த்தால் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். தாய்வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ நிறங்களில் தடுமாற்றம் உண்டா என்று மெதுவாக விசாரியுங்கள். இந்தக் குறைபாடு தாயின் வழியாக மகனுக்கு வருவது. தாய்க்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. அதற்காக அந்தத் தாயை வீட்டில் யாரும் குறை சொல்லாதபடி, அப்பாவும் பாட்டியும் இருக்கும்போதே இதை விளக்கிவிடுங்கள். பிறகு அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலோ வேறு கண் மருத்துவரிடமோ காட்டட்டும். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட, நிறப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். எண் படிக்கத் தெரியாத பிள்ளைகள் விரலால் தொடர்ந்து செல்லும் வளைகோட்டு அட்டைகளும் அதில் உண்டு. பிறவியிலேயே வரும் இந்தக் குறைபாட்டுக்கு மருந்து கிடையாது. பார்வை மங்கவும் மங்காது, படிப்பும் கெடாது. வகுப்பில் நீங்கள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்: அவனுடைய க்ரேயான்களில் பெயரின் முதல் எழுத்தை எழுதி ஒட்டுவது, பச்சைக் கரும்பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதாமல் இருப்பது, ‘பச்சை அட்டை எடு’ என்பதோடு ‘இலை போட்ட அட்டை’ என்றும் சொல்வது.

ஆனால் அவன் நூல்களைச் சரியாகச் சேர்த்துவிடுவான் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தை மறுபடி பாருங்கள். ‘என்ன நிறம்?’ என்று கேட்டால் அவன் ‘பந்து’ என்றோ ‘நாலு’ என்றோ சொல்லவில்லை. ஒரு நிறத்தின் பெயரைத்தான் சொல்கிறான். கேள்வி எதைப் பற்றியது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனிடம் இப்போது ஒரே ஒரு சொல் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அதைக் கொடுக்கிறான். நான்கு வயதில் இது சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை. அந்தச் சொல்லை அவனிடமிருந்து பறிக்காதீர்கள். மற்ற பிள்ளைகள் சிரிக்கும்படி எல்லார் முன்னாலும் அவனைக் கேட்காதீர்கள். மற்றவர்கள் சிவப்பு, மஞ்சள், நீலத்தில் தொடங்கட்டும். அவன் பச்சையிலிருந்து தொடங்கட்டும். ஒரு கூடையில் ஐந்து பச்சைப் பொருள்களையும் ஐந்து சிவப்புப் பொருள்களையும் போட்டு, ‘பச்சையெல்லாம் உனக்கு, மற்றதெல்லாம் எனக்கு’ என்று அவனோடு பங்கு பிரியுங்கள். உங்கள் பங்கில் இருப்பதற்கு என்ன பெயர் என்று சில நாளில் அவனே கேட்பான்.

அன்புடன்.